அம்மா விரல் தூக்கிய நிமிஷம்

"பேய் எப்போதான் வரும்?" என்று ஒரு வாசகி கடுதாசி போட்டிருக்கிறார். பதினோரு வாரமாக இந்தத் தொடரைப் படித்துக் காத்திருக்கிறாராம். அம்மணி, நானும்தான் காத்திருக்கிறேன். படம் எடுக்கிற பெண்ணே பேயைக் காட்ட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கும்போது, நான் மட்டும் எங்கே போய்ப் பிடித்து வருவது?

இந்த வாரம்தான் உள்ளே வருகிறவர்கள் பயப்பட வேண்டாம். வீட்டில் மூன்றே பேர்.

அம்மா முப்பது வருஷம் துணி ஃபாக்டரியில் மெஷின் ஓட்டி, காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவள். இப்போது பக்கத்துத் தெருவில் ஆல்டரேஷன் கடை. காது மிஷின் இல்லாவிட்டால் இடி இடித்தாலும் தெரியாது. ஆனால் எதிரே நிற்கிறவர்களின் உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவாள்.

மூத்தவன் காது கிளினிக்கில் வேலை பார்க்கிறான். கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, மெல்லிசாகப் 'பீப்' சத்தம் வைத்து, "கேட்டா விரலைத் தூக்குங்க" என்று சொல்கிற வேலை. மாசம் ஒரு தடவை அம்மாவையும் உட்கார வைப்பான். அதனாலேயே அம்மாவுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எங்கே சின்னதாக ஏதாவது கேட்டாலும் வலது கை ஆள்காட்டி விரல் தன்னால் மேலே போகும். குக்கர் விசிலுக்குக்கூடத் தூக்கிவிட்டுச் சிரிப்பாள்.

இளையவளை வீட்டில் 'வாண்டு' என்பார்கள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது பிழைப்பு. சொந்தமாக எடுப்பது பன்னிரண்டு நிமிஷப் பேய்ப் படம். கதை என்ன? ஒரு பெண் காலி அறையில் நாற்காலியில் உட்கார்ந்து, யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருக்கிறாள். அவ்வளவுதான்.

"இதுக்கு நான் எதுக்குடி பயப்படணும்?" என்று அண்ணன் கேட்டபோது வாண்டு சொன்ன பதில் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"முதல் ஆறு நிமிஷம், யாராவது கூப்பிட மாட்டாங்களான்னு நினைப்பே. அடுத்த ஆறு நிமிஷம், ஐயோ, கூப்பிட்டுடக் கூடாதேன்னு நினைப்பே. அதுதாண்ணா படம்."

அறை, அப்பாவின் அறை. பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு, அப்பா கட்டில் கம்பியில் மோதிர விரலால்தான் பேசினார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் திருப்பிப் படுக்க வை. மூன்று தட்டு என்றால் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் உட்கார். எட்டு மாசத்துக்கு முன் ஒரு மத்தியானம் அவர் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு அம்மாவின் காது மிஷின் மகனிடம் இருந்தது. சுத்தம் பண்ணிப் பன்னிரண்டு மணிக்குத் தருகிறேன் என்று எடுத்துப் போனவன் நாலு மணிக்குத்தான் வந்தான். வாண்டு பக்கத்து அறையில் ஹெட்போன் போட்டுக்கொண்டு யாருடைய கல்யாணத்தையோ வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அவர் கூப்பிடலை. தூக்கத்துலயே போயிட்டார்." யார் கேட்டாலும் அம்மா இதைத்தான் சொல்வாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று பேரும் எட்டு மாசமாகச் சோறு தின்கிறார்கள்.

சரி, போன வாரம். கடைசி ஷாட். நாற்காலியில் அந்தப் பெண்ணாக நடிப்பது அம்மா. காது மிஷின் கீச்சென்று கத்தும், மைக்கில் விழும் என்று கழற்றி வைத்தாயிற்று. ஒரு முழு நிமிஷம் யாரும் அசையவில்லை. அப்போது, வாண்டு எழுதாத ஒன்றை அம்மா செய்தாள். விரலைத் தூக்கினாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

ஏன் என்று கேட்டதற்கு, "நான் எங்கேடி தூக்கினேன்?" என்று அடுக்களைக்குப் போய்விட்டாள்.

நினைவு வந்துவிட்டதா? இனி இன்றைய பொழுதுக்குப் போகலாம்.

* * *

இன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் குறும்படப் போட்டியின் கெடு முடிகிறது. அதற்குள் படம் போய்ச் சேர வேண்டும். அம்மா அறையைக் கொடுத்தபோதே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "எனக்குக் காட்டாம ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது." அம்மா கடையிலிருந்து வருவது ஐந்து மணிக்கு.

காலை எட்டு மணிக்கே வாண்டுவின் அலறல் கேட்டது.

"அண்ணா! ஃபிரிட்ஜு!"

பல் தேய்த்த நுரையோடு அண்ணன் ஓடி வந்தான். "தீப்பிடிச்சிருச்சா?"

"இதைக் கேளு."

ஹெட்போனை வாங்கி மாட்டினான். கடைசி ஷாட்டின் ஒரு நிமிஷ மௌனம். அடியில் 'ம்ம்ம்ம்' என்று ஒரு முனகல்.

"ஃபிரிட்ஜ்தான். ஏன், நீ ஆஃப் பண்ணலியா?"

"பண்ணினேன்! ஸ்கூட்டர் சாவியைக்கூட உள்ளே வச்சேன்!"

இது வாண்டுவின் தொழில் வழக்கம். சத்தம் பதிகிறபோது ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு, வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவாள். வேலை முடிந்ததும் சாவியைத் தேடித் திறந்தாக வேண்டும், மறுபடி போட மறக்காது. நல்ல யோசனைதான். ஆனால் இந்த வீட்டில் அம்மா என்று ஒருத்தி இருக்கிறாளே. பால் கெட்டுப்போகுமே என்று, ஷாட்டுக்குப் போய் உட்காருவதற்கு முன்னால் ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறாள். கதாநாயகியே சத்தத்தைக் கெடுத்த படம் இதுவாகத்தான் இருக்கும்.

"இன்னொரு தடவை அந்த ரூம்ல ஒரு நிமிஷம் மௌனத்தைப் பதிஞ்சுக்கோ. சிம்பிள்."

"பக்கத்து வீட்ல காலையிலேர்ந்து சுவத்துல ஓட்டை போடுறாங்க. உன் காதுல விழலையா? நீ காது டாக்டர் வேற!"

"டெக்னீஷியன். டாக்டர்னா சம்பளம் வேற மாதிரி வந்திருக்கும்." வாயைத் துடைத்தான். "வேற யாராவது ரூம் மௌனத்தைப் போடேன். மௌனத்துல என்னடி வித்தியாசம்?"

அவன் தெரிந்தேதான் கேட்டான், அவளைச் சீண்ட. வாண்டு மௌனம் சேகரிக்கிற பைத்தியம். போகிற இடமெல்லாம் ரெக்கார்டரை வைத்து, ஆள் பேசாத அறையைப் பதிந்து பெயர் எழுதி வைப்பாள். 'அடுக்களை, மழை விட்டதும்.' 'மண்டபம், எல்லாரும் போன பிறகு.' பேயை ஏன் காட்டவில்லை என்று கேட்டால், "முகத்தைக் காட்டினா இவ்வளவுதானான்னு ஆயிடும். அது எந்த ரூம்ல மூச்சை அடக்கிட்டு இருக்குன்னு காதுக்குக் காட்டணும்" என்பாள். கொழுப்புதான். ஆனால் அவள் சொன்னால் எனக்குப் புல்லரிக்கிறது.

"அந்த ரூம்ல பதிஞ்சது இன்னொண்ணு இருக்கு," என்றாள் மெதுவாக.

அண்ணன் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே நின்றுவிட்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அப்பா போன அன்றைக்கு மத்தியானம் அவள் அப்பாவின் அலமாரி மேல் ரெக்கார்டரை ஓடவிட்டிருந்தாள். 'அப்பா ரூம், மத்தியானம், தூங்கும்போது.' எட்டு மாசமாக யாரும் அதைத் திறக்கவில்லை.

"வேண்டாம் வாண்டு."

"ஒரே ஒரு நிமிஷம் எடுத்துக்கறேன். மூச்சு சத்தம்கூட வராது, மைக் தூரத்துல இருந்துச்சு."

"உன் இஷ்டம்," என்று சொல்லிவிட்டு, டிபனைக்கூடத் தொடாமல் கிளினிக்குக் கிளம்பிப் போனான்.

* * *

பகல் பதினொன்றரை. ஜன்னல் வழியாக நல்ல வெயில். பேய்க்கதை எழுதுகிறவர்கள் இதற்குத்தான் இருட்டைக் கேட்பார்கள். வாண்டுவுக்கு அந்த வசதி இல்லை.

ஃபைலைத் திறந்தாள். முதல் பத்து நிமிஷம் தெருவில் ஏதோ வண்டி. பதினோராவது நிமிஷத்திலிருந்து சுத்தமான மௌனம். அங்கிருந்து ஒரு நிமிஷத்தை வெட்டி, அம்மாவின் ஷாட்டுக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். எங்கே தொடங்க வேண்டும் என்றெல்லாம் பார்க்கவில்லை. ஓட விட்டாள்.

திரையில் அம்மா. நாற்காலி. சுவர். ஃபிரிட்ஜ் முனகல் போய்விட்டது. அப்பாடா என்று சாய்ந்தாள்.

'டிங்.'

கம்பியில் உலோகம் படுகிற சத்தம். திரையில் அம்மாவின் விரல் மேலே வந்தது.



நாலு விநாடி. 'டிங்.' விரல்.

ஒன்பது விநாடி. 'டிங்.' விரல்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். அறையில் ஃபேன் மட்டும் ஓடியது. பக்கத்து வீட்டில் ஓட்டை போடுகிற சத்தம்கூட அந்த நேரம் பார்த்து நின்றுபோயிருந்தது.

தற்செயல் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சத்தத்தைப் பத்து விநாடி தள்ளிப் போட்டாள். பொருந்தவில்லை. திரும்பக் கொண்டு வந்தாள். பொருந்தியது. போட்ட இடம் தற்செயலாக இருக்கட்டும். ஆனால் இடைவெளி? நாலு விநாடி, ஒன்பது விநாடி. எட்டு மாசத்துக்கு முன்னால் அப்பாவின் தளர்ந்த கை எடுத்துக்கொண்ட நேரத்தை, காது கேட்காத அம்மா போன வாரம் எப்படி விரலில் அளந்தாள்? கட்டிலைக்கூட அறையிலிருந்து எடுத்து மாசக்கணக்கு ஆகிவிட்டதே!

அதற்கும் பிறகுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. அது உறைத்ததும் பயமெல்லாம் போய் அழுகை வந்தது.

அப்பா கூப்பிட்டிருக்கிறார்.

* * *

அண்ணன் மூன்று மணிக்கு லீவு போட்டுவிட்டு வந்தான். ஹெட்போனை மாட்டிக் கேட்டான். மறுபடி கேட்டான். அடுத்தவர் காதில் விழுவதையும் விழாததையும் தினமும் பார்க்கிறவன், மூன்றாவது தடவை கேட்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இதை அழிச்சிடு."

"அண்ணா, இதுதான் படம். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ரெண்டு வருஷமா நாயா அலைஞ்சேன். இதுக்கு மேல என்னால ஒண்ணும் எடுக்க முடியாது."

"அம்மா அஞ்சு மணிக்கு மிஷினைப் போட்டுட்டு உன் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கப் போறா. மூணு தட்டு கேட்கும். அம்மாவுக்கு அது என்னன்னு தெரியாதா? அவர் கூப்பிடலைங்கற ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவ நடமாடுறா. அதைப் பிடுங்கிட்டு உனக்கு ஒரு படம் வேணுமா?"

வாண்டு மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"மிஷினை எடுத்துட்டுப் போனது நான்," என்றான் அவன். "பன்னெண்டு மணின்னு சொன்னேன். வெளியே பிரெண்ட்ஸோட சாப்பிடப் போயிட்டேன். அதையும் அவளுக்குச் சொல்லணுமா?"

இந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் உண்டு. தான் நினைத்தபடிதான் வர வேண்டும் என்று ஒரு வரியை மாற்றக்கூட விடாதவள், கூட வேலை செய்தவர்களைப் படாத பாடு படுத்தியவள். ஆனால் இன்றைக்கு அவள் செய்ததைச் சொல்லியாக வேண்டும். உட்கார்ந்து, மூன்று தட்டையும் தன் கையாலேயே ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள். அந்த இடங்களில் வெறும் மௌனத்தை ஒட்டினாள். ஒட்டிய இடம் தெரியாமல் தேய்த்தாள். தொழிலில் கெட்டிக்காரி.

* * *

ஐந்து மணி பத்து நிமிஷம். அம்மா வந்தாள், கை கழுவினாள், மிஷினைக் காதில் சரிபண்ணிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். "நான் குண்டா தெரிவேனா?" என்று முதல் கேள்வி.

"பேசாம பாரும்மா."

பதினோரு நிமிஷம் அம்மா அசையாமல் பார்த்தாள். கடைசி ஷாட் வந்தது. திரையில் அம்மா, திரைக்கு வெளியே அம்மா. சத்தமே இல்லை.

திரையில் விரல் எழுந்தது. வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவின் விரலும் எழுந்தது. மூன்று தடவையும்.

படம் முடிந்தது. அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இங்கே ஒரு சத்தம் இருந்துச்சே. அதை ஏன் எடுத்துட்டே?"

அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"என்ன சத்தம்மா? அங்கே ஒண்ணும்..."

"என்கிட்ட மறைக்காதே. நீ பொய் சொன்னா உன் கீழ் உதடு மடியும்." அம்மா மிஷினைக் கழற்றி மடியில் வைத்தாள். "ஷூட்டிங் அன்னைக்கு நாற்காலிக் கால் வழியா வந்துச்சு. கேட்டுச்சு, தூக்கினேன். உன்கிட்ட இல்லைன்னு சொன்னேன். நீ பயந்துடுவியேன்னு."

"அம்மா..."

"அவர் போன அன்னைக்கும் வந்துச்சு. அடுக்களைச் சுவத்துல கையை வச்சிருந்தேன். அந்தப் பக்கம் கட்டில் கம்பி. கையிலேயே கேட்டுச்சு. மூணு தடவை." அம்மா நிறுத்தினாள். "ஒரு தட்டுன்னா ஓடியிருப்பேன், தண்ணி. ரெண்டுன்னாலும் ஓடியிருப்பேன். மூணு. பக்கத்துல வந்து உட்காருன்னு. பால் பொங்கற நேரம். உட்காரத்தானே கூப்பிடறார், அப்புறம் போய் உட்காரலாம்னு நின்னுட்டேன்."



"அப்போ ஏம்மா இத்தனை நாளும் அவர் கூப்பிடலைன்னே?" அண்ணன் அம்மாவின் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, உதடு தெரியும்படி கேட்டான்.

"மிஷினை எடுத்துட்டுப் போனவன் நீ. கூப்பிட்டார்னு தெரிஞ்சா நீ தாங்குவியாடா?" அவன் தலையைத் தடவினாள். பிறகு மகளிடம் திரும்பினாள். "சத்தத்தைத் திரும்பப் போடு. அவர் கூப்பிட்டு ஒரு தடவை நான் போகலை. இப்போ அவர் கூப்பிட்டதே இல்லைன்னு ஆக்கிடாதே."

வாண்டு அழுதுகொண்டேதான் வேலை செய்தாள். மூன்று தட்டும் திரும்ப வந்து உட்கார்ந்தன. ஆறு மணிக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது படம் போய்ச் சேர்ந்தது.

* * *

இந்த இடத்தில் நான் பேனாவை மூடியிருந்தால் வாசகிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை வாழ்த்தியிருப்பார்கள். ஆனால் அண்ணன் கை சும்மா இருக்கவில்லை. அழுத முகத்தை மறைக்கிறதற்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த மத்தியானத்தின் மீதிப் பதிவை ஓட விட்டான்.

"வாண்டு." அவன் ஹெட்போனைக் கழற்றினான். "தட்டினதுக்கு அப்புறம் ஒண்ணு இருக்கு."

ஸ்பீக்கரில் போட்டான். மூன்றாவது தட்டு. சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு நாற்காலி இழுபடுகிற சத்தம். அதற்குப் பின், 'டக்.'

அந்த 'டக்' மூன்று பேருக்கும் தெரியும். கட்டிலோரம் நாற்காலி போடுகிற இடத்தில் தரைக்கல் ஒன்று ஆடும். யாராவது உட்கார்ந்தால் ஒரு 'டக்', எழுந்தால் ஒரு 'டக்'. ஷூட்டிங்கில் ஒவ்வொரு டேக்கிலும் அந்தக் கல்லை வாண்டு திட்டித் தீர்த்திருக்கிறாள்.

"எழுந்திருக்கிற சத்தம் எங்கே?" என்றாள்.

அண்ணன் பதிவை விரைவாக நகர்த்தினான். திரையில் சத்தத்தைக் காட்டுகிற கோடு ஏற்ற இறக்கமில்லாமல் நேராக ஓடியது. கால் மணி நேரம், அரை மணி நேரம். பேட்டரி தீர்கிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கவே இல்லை.

அம்மா இருவர் உதட்டையும் மாறி மாறிப் படித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயமே இல்லை.

"அதான் எனக்குத் தெரியுமே. மூணு மணிக்கு நான் டீ எடுத்துட்டுப் போனப்போ நாற்காலி கட்டிலை ஒட்டிக் கிடந்துச்சு. நீதான் வந்து உட்கார்ந்திருந்தே." வாண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் கையில அவர் கை இருக்கும்போதே உயிர் போயிருக்கும், அந்தப் பயத்துலதான் நீ வாயைத் திறக்கலைன்னு நினைச்சு நான் கேட்டதே இல்லை. நான் போகலைன்னாலும் என் பொண்ணு போனா. அதை நினைச்சுத்தான் ராத்திரி கண்ணை மூடறேன்."

சரி என்று தலையாட்டிவிடலாம். ஒரே ஒரு தலையாட்டல். வாண்டு ஆட்டத்தான் பார்த்தாள். கீழ் உதடு மடிந்துவிட்டது.

"நான் இல்லம்மா," என்றாள். "நான் ஹெட்போன் போட்டிருந்தேன். நான் போகவே இல்லை."

அம்மா மகனைப் பார்த்தாள். அவன் இல்லை என்று தலையாட்டினான்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா எழுந்தாள். மிஷினை எடுத்துக்கொள்ளாமலே நடந்து அப்பாவின் அறை வாசலில் போய் நின்றாள். பிள்ளைகள் இருவரும் பின்னால் ஒட்டிக்கொண்டு போனார்கள். காலி அறை. ஷூட்டிங்கில் போட்ட இடத்திலேயே நாற்காலி.

"யாரா இருந்தாலும் சரி," என்றாள் அம்மா, நாற்காலியைப் பார்த்து, வீட்டுக்கு வந்தவர்களிடம் பேசுகிற குரலில். "நான் வராத நேரத்துல நீங்க வந்து உட்கார்ந்தீங்க. அவர் தனியாப் போகலை. இத்தனை மாசம் உட்கார்ந்ததே பெரிசு. எழுந்து போங்க. நல்லா இருங்க."

'டக்.'

இந்தத் தடவை பிள்ளைகளுக்கும் கேட்டது. அண்ணனின் ஆள்காட்டி விரல் அவனை அறியாமல் மேலே போயிருந்தது.

அம்மா நிலைப்படியிலிருந்து ஒதுங்கி வழி விட்டாள். அவள் கண்கள் எதையோ பின்தொடர்ந்து மெல்ல நகர்ந்தன. தெருக்கதவு வலது பக்கம் இருக்கிறது. அம்மாவின் பார்வை இடது பக்கம் திரும்பி, வாண்டுவின் அறை வாசலில் போய் நின்றது.